சுக்கான் கல்லோடு நார்த்தாமலைக்கு

பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலையில் பானைக் கடை போட வேண்டும், எப்படிப் போவது, எங்கே இறங்குவது, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுப் போன மாதம் நாலு பேர் எழுதியிருந்தீர்கள். நாலு பேருமே மண்பாண்டம் செய்கிறவர்கள். ஒருவர் கண்காட்சிகளில் மோட்டார் சக்கரம் வைத்துச் சுற்றிக் காட்டுகிறவராம். வழி சொல்வது எனக்குச் சுலபம். அந்தத் திருவிழாவுக்கு முப்பது தடவைக்கு மேல் போயிருக்கிறேன். ஆனால் அந்த வழி என்றதும் எனக்கு ஒரே ஒரு பயணம்தான் ஞாபகம் வரும். அதைச் சொல்லாமல் பஸ் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

அது 1959 பங்குனி. எனக்கு இருபது வயது, கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டமில்லை, திருச்சி ஜில்லாவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் காத்தமுத்து சக்கரத்தில் உட்காருவார். மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, பதமாக்கி உருட்டிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. வருஷத்தில் ஏழெட்டுத் திருவிழாவுக்கு மாட்டுவண்டியில் போவோம். சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு போவோம். கடை போட்ட இடத்தில் அவர் சக்கரத்தைச் சுழற்றிப் பானை எழுப்பிக் காட்டினால் கூட்டம் நிற்கும். நிற்கிற கூட்டத்திடம் நான் வாயாடி விற்பேன். வாய் எனக்கு நீளம். தைரியம்தான் கிடையாது. பல்லியைப் பார்த்தாலும் பயம், போலீஸ்காரரைப் பார்த்தாலும் பயம்.

நார்த்தாமலைக்குப் போகும்போது மட்டும் சமையல் பானைகளோடு தீச்சட்டிகளும் கொண்டுபோவோம். வேண்டிக்கொண்டவர்கள் கனலை நிரப்பி வெறும் கையில் ஏந்திப் போகிற சட்டி. அதற்கென்று சில முறைகள் உண்டு. செய்கிறவர் விரதம் இருந்து செய்ய வேண்டும். எங்கள் கையிலிருந்து ஒருவர் வாங்கிவிட்டால் பிறகு திருப்பித் தரக் கூடாது. கனலோடு தூக்கிவிட்டால் அம்மன் கோயில் வாசல் வரை தரையில் வைக்கக் கூடாது. சட்டி வழியில் உடைந்தால் செய்தவரை யாரும் கேட்கமாட்டார்கள், எடுத்தவளுடைய விரதத்தில் குறை என்றுதான் ஊர் பேசும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மழை பிந்திப் பெய்ததால் நாங்கள் வழக்கமாக மண் எடுக்கிற கண்மாயில் மாசி வரை தண்ணீர் நின்றது. வேறு குளத்து ஓரத்தில் வெட்டினோம். அந்த மண்ணில் சுக்கான் கல் அதிகம். கடுகும் மிளகுமாக வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கிற சுண்ணாம்புக் கல். தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். சூளையில் வெந்து பானைக்குள்ளேயே சுண்ணாம்பாகிவிடும். சூளை பிரிக்கிற அன்றைக்குப் பானை நன்றாகத்தான் இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். நாலைந்து நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளே வீங்கும். வீங்கியதும் மேலே உள்ள மண்ணைச் சில்லாகத் தெறிக்கவிடும்.

அதனால் இரண்டு தடவை மிதித்து, காலுக்கும் விரலுக்கும் தட்டுப்படுகிற கல்லையெல்லாம் பொறுக்க வேண்டும். சமையல் பானை மண்ணுக்கு ஒழுங்காகத்தான் செய்தேன். கடைசியாகத் தீச்சட்டிக்கான மண். ஒரு தடவை மிதித்தாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஊருக்குப் பக்கத்தில் போட்டிருந்த டென்ட் கொட்டகையில் படம் மாற்றியிருந்தார்கள். முதல் ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். நானும் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் அவர் “மண்ணு ஆச்சா?” என்று கேட்டார். “ஆச்சுங்க” என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த மண்ணில் அவர் பதினைந்து தீச்சட்டி செய்தார்.

சூளை பிரித்த மறுநாளே பக்கத்து ஊரிலிருந்து அழகம்மா வந்து ஒரு சட்டியை வாங்கிப் போனாள். முப்பது வயசிருக்கும். தை மாதத்தில் அவள் மகளுக்கு அம்மை போட்டுக் கண் போய்விடும் என்று பயந்திருந்தார்கள். கண் தப்பியது. அதற்காக வேண்டுதல். வீட்டில் வைத்துப் பூசை செய்து எடுத்துப் போவதற்காக முன்கூட்டியே வாங்கினாள். ஈரத்துணியோடு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு வண்டி கட்டினோம். மொத்தம் பதினாறு மைல். திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை ஐந்து மைல், அங்கிருந்து திருச்சி ரோட்டில் நார்த்தாமலை பதினோரு மைல். வைக்கோலுக்குள் எண்பது பானை, பதினாலு தீச்சட்டி, மேலே சக்கரம். பானை ஏற்றிய வண்டியை மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் பானைகளோடு. அன்றைக்கு நல்ல பனி. வைக்கோலெல்லாம் நனைந்திருந்தது.

இரண்டு மைல் தாண்டியிருப்போம். வைக்கோலுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கையை விட்டுத் தடவினேன். ஒரு தீச்சட்டியின் வயிற்றில் காலணா அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து, குழிக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. நகத்தால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. சுக்கான் கல்லேதான். சட்டியைத் திருப்பி வைத்து வைக்கோலை மேலே இழுத்துவிட்டேன். திருடி மாதிரி அவர் முதுகைப் பார்த்தேன். அவர் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் நினைத்தது என்னைப் பற்றித்தான். ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் விரதம் இருந்து செய்த சட்டியில் நான் பொய்யைக் கலந்திருக்கிறேன், ஆத்தா என்னைச் சும்மா விடமாட்டாள் என்றுதான் பயந்தேன். பதினாலையும் எப்படியாவது வழியில் உடைத்துவிட்டால் வண்டி ஆட்டத்தில் உடைந்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த ‘டிக்’ கேட்டபோதுதான் அழகம்மா ஞாபகம் வந்தாள். பதினாலு சட்டி என் கைக்குள் இருக்கிறது. பதினைந்தாவது அவள் கையில் இருக்கிறது. அவளும் அவள் மாமியாரும் முதல் நாளே நடந்து கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு புதுக்கோட்டை வந்ததும் தெரியாது, ஊரைக் கடந்ததும் தெரியாது. எட்டே முக்காலுக்குத் திருக்கோகர்ணத்தில் மரத்தடியில் வண்டியை அவிழ்த்தோம். மாட்டுக்குப் புல்கட்டு இரண்டு, நாற்பது நயா பைசா. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எண்ணிப் பார்த்திருந்தேன். அதற்குள் நாலு சட்டியில் சில்லு தெறித்திருந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த முதல் சட்டியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

“ஏங்க, தீச்சட்டி மண்ணை ரெண்டாந்தரம் மிதிக்கலைங்க. படம் பாக்கப் போயிட்டேன். ஒங்ககிட்ட ஆச்சுன்னு சொல்லிட்டேன்.”

அடிப்பார் என்று பயப்படவில்லை, அவர் அந்த மாதிரி ஆளில்லை. பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் பயம். குழியில் இருந்த வெள்ளைப் பொட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, “எனக்குத் தெரியும் செல்லம்” என்றார். “சக்கரத்துல வச்சப்பவே வெரல்ல நறுக்கு நறுக்குன்னு ஒரசுச்சு. மணலாத்தான் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன். ஒன்னையக் கேட்டா, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்ற மாதிரி ஆயிரும்ல. திருநா நேரத்துல எதுக்கு சண்டைன்னு விட்டுட்டேன்.”

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அதுவரை தப்பு செய்தது நான், சரி செய்ய அவர் இருக்கிறார் என்றிருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் நிற்கிறோம்.

“அழகம்மா எப்ப எடுக்குது?” என்று கேட்டார்.

“ஒரு மணிக்குக் கொளத்துல முழுகிட்டு எடுக்குறேன்னு சொன்னாங்க.”

வண்டி போய்ச் சேர மாலை ஐந்தாகும். அவர் எழுந்து சமையல் பானைகளுக்குள்ளிருந்து அகலவாய்ச் சட்டி ஒன்றை எடுத்தார். நான் ஒழுங்காகக் கல் பொறுக்கிய மண். தட்டினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். “பஸ்ஸுல போ. வாங்குன சட்டியத் திரும்ப வாங்கக் கூடாதுதான், ஆனா வேற வழியில்ல. எடுக்குறதுக்கு முன்னாடி இதை மாத்திக் குடுத்துரு. ரெண்டு பேருமே தப்பு பண்ணிட்டோம்னு சொல்லு.”

அதுவரை நான் தனியாகப் பஸ் ஏறியதில்லை. பத்தே முக்காலுக்கு வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, நிற்காமலே போய்விட்டது. பதினொன்றே காலுக்கு வந்தது நின்றது. கண்டக்டர் துண்டு மூட்டையைப் பார்த்தார்.

“ஏம்மா, மண்சட்டியா? கூட்டத்துல ஒடைஞ்சா என்னையக் கேக்கக் கூடாது.”

“ஒடையாதுங்க. நார்த்தாமலைக்குப் போகணும்.”

“ஊருக்குள்ள போவாது. ரோட்டுல எறக்கிவிடுவோம். அங்கிட்டு நடந்துக்கணும்.”

டிக்கெட் முப்பத்தைந்து நயா பைசா. இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்க, சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் பீடி பற்றவைத்தார். மணி என்ன, மணி என்ன என்று ஒரு வாத்தியாரைக் கேட்டுக் கேட்டு, அவர் கடைசியில் கையைத் திருப்பி வாட்சை என் பக்கமே வைத்துக்கொண்டார். பன்னிரண்டு இருபதுக்கு இறங்கினேன். திருச்சி நோக்கிப் போகும்போது இடது கைப் பக்கம் பிரிகிற பாதை. அங்கிருந்து ஒன்றரை மைல். அன்றைக்கு அந்தப் பாதை முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஜனம். இரண்டு பக்கமும் கரும்பாறைக் குன்றுகள் வெயிலில் கொதித்தன. மலைக்கு மேலே இருக்கிற சோழர் காலத்துக் கோயிலை எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் போனார்கள். நான் பார்க்கவில்லை. ஓடினேன்.

குளக்கரைக்குப் போனபோது கொட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. ஈரத் தலையோடு நூறு பெண்கள். எல்லாரும் மஞ்சள், எல்லாரும் அழகம்மா மாதிரியே இருந்தார்கள். பெயர் சொல்லிக் கத்தினேன், யாருக்குக் கேட்கும்? கரையை ஒரு சுற்று சுற்றி வந்தபோது படிக்கட்டுக்கு மேலே அவளுடைய மாமியார் நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் அழகம்மா. கையில் சட்டி, சட்டிக்குள் கனல். தூக்கிவிட்டாள்.

முன்னால் போய் நின்றேன். “அக்கா, சட்டியில சுக்கான் கல்லு இருக்குக்கா. நான் மண்ணைச் சரியாப் பொறுக்கலை. ஒடைஞ்சிரும். இதுல மாத்திக்கங்கக்கா.”

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எடுத்துட்டேன் தங்கச்சி. இனிமே கீழ வைக்க முடியாது.”

“கீழ வச்சா புள்ளைக்கு ஆகாது” என்றாள் மாமியார். “நீ வழிய விட்டு வெலகு.”

அங்கிருந்து கோயில் வாசல் மூன்று ஃபர்லாங். அழகம்மா நடக்க ஆரம்பித்தாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. துண்டை உதறி எறிந்தேன். நல்ல சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி அவள் சட்டிக்கு அடியில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். கூட்டம் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும். யாரோ என் தோளில் இடித்தார்கள், யாரோ வைதார்கள். முதல் ஃபர்லாங்கில் ஒரு ‘டிக்’. சில்லு தெறித்து என் மணிக்கட்டில் பட்டது, சூடு. அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். என் வாழ்க்கையில் ஒரு ஆளை நான் அவ்வளவு பயமுறுத்தியதில்லை.

“பேசாத. நட” என்றாள். நான் பேசவே இல்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஃபர்லாங்கில் சட்டியின் அடிவயிற்றில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியது. நடக்க நடக்கக் கோடு நீண்டது. அவள் மேலேயிருந்து அதைப் பார்க்க முடியாது, எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்றிருந்தது. பொய் சொன்ன வாய், இப்போது உண்மையைச் சொல்லவும் பயந்தது. கோயில் வாசல் தெரிந்தது. இன்னும் இருபது முப்பது காலடி இருக்கும்.

“அக்கா, அடி விடப்போவுது. கையை மேல தூக்கிக்கங்க.”

அவள் கையை விளிம்புப் பக்கம் ஏற்றினாள். ஏற்றியதும் அடிப்பாகம் பிளந்து, கனல் மொத்தமும் என் சட்டிக்குள் கொட்டியது. இரண்டு துண்டு சட்டி விளிம்புக்கும் என் வலது கை விரல்களுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டன. சட்டியை விட்டுவிடத்தான் உடம்பு சொன்னது. விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தைரியம் என்று மட்டும் சொல்லமாட்டேன். அழகம்மா கையில் மிச்சமிருந்த விளிம்பு வளையத்தை உதறிவிட்டு என் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்தாள். அப்படியே இரண்டு பேரும் நாலு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கனலைச் சேர்த்தோம். நெருப்பு தரையைத் தொடவில்லை.

சேர்த்த உடனே மாமியார் குரல் கேட்டது. “பாதியில சட்டி விட்டுப்போச்சே, விரதத்துல என்ன கொறை வச்ச?” கேட்ட வேகத்தில் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அழகம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அழகம்மா என்னைப் பார்த்தாள்.

திருவிழாவில் விற்க வந்தவள், திருவிழா நடுவில் நின்று தன் சரக்கு மோசம் என்று எப்படிச் சொல்வது? எரிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், எடுத்தேன். “அவுங்க விரதத்துல ஒரு கொறையும் இல்ல ஆத்தா. மண்ணு மிதிச்சது நான். கல்லு பொறுக்காமப் படம் பாக்கப் போனேன். கொறை எங்கிட்டத்தான்” என்றேன். எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ “படமாம், படம்” என்றார்கள். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மருமகள் கையைப் பிடித்து வேப்பிலையால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஐந்தரைக்கு அவர் வண்டியோடு வந்து சேர்ந்தார். என் கையைப் பார்த்தார், கேட்டார், சொன்னேன். தரைவாடகை ஒரு ரூபாய் கட்டிக் கடை போட்டோம். மறுநாள் காலையில் சக்கரத்தை இறக்கினார். வழக்கமாகப் பானை எழுப்பிக் காட்டுகிறவர், அன்றைக்குப் பதினாலு தீச்சட்டியையும் எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக உடைத்தார். உடைந்த சில்லைத் தூக்கி, “இந்த வெள்ளைப் பொட்டைப் பாத்துக்கங்க. எங்கிட்ட மட்டுமில்ல, எங்கிட்டுப் போயி வாங்குனாலும் பாத்து வாங்குங்க” என்றார். பிறகு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நல்ல மண்ணில் செய்த பானைகளை அதில் முக்கி வைத்தார். “சாயங்காலம் வாங்க. தெறிக்காதத மட்டும் எடுத்துக்கங்க” என்றார். கூட்டம் எங்கள் பேச்சை நம்பவில்லை, தண்ணீரை நம்பியது. சாயங்காலம் வந்தார்கள். வந்தவர்களில் அழகம்மாவும் ஒருத்தி. குழம்புச் சட்டி ஒன்று வாங்கினாள். தட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள். எனக்கு அது ரோஷமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

இப்போது உங்களுக்கான விவரம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். ரோட்டில் இறங்கி உள்ளே போக ஆட்டோ கிடைக்கும், திருவிழா நாளில் நடப்பதுதான் வேகம். மினிவேனில் சரக்கு கொண்டுபோகிறவர்கள் காலை ஏழுக்குள் உள்ளே போய்விடுங்கள், பிறகு ஜனத்தில் சிக்கிக்கொள்வீர்கள். சக்கரம் சுற்றிக் காட்டுகிறவர்கள் மண் பிசையத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அங்கே முழுக்குப் போடுகிற குளத்தில் எடுப்பதும் கஷ்டம், யாரும் விரும்பவும் மாட்டார்கள். பங்குனி வெயிலில் பாறை கொதிக்கும், ஒரு தார்ப்பாய் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் மண் எடுத்திருந்தால் சூளை பிரித்ததும் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, நன்றாக உலர்த்திப் பிறகு ஏற்றுங்கள். தீச்சட்டியாக இருந்தால் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் உடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த வருஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு சூளை மூடும்போதும் அவர் என்னிடம், “சொல்றதுக்கு எதாச்சும் இருக்கா?” என்று கேட்பார். நானும் அவரைத் திருப்பிக் கேட்பேன். இருபத்தெட்டு வருஷம், ஒரு சூளைக்கும் இதை விட்டதில்லை. அவர் போன பிறகு மகனையும் மருமகளையும் ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வண்டி ஏற்றுமுன் கூட வேலை செய்கிறவரைக் கேளுங்கள்.

என் வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனியில் உணர்ச்சி கிடையாது. அந்த விரல்களால் அதற்குப் பிறகு கல் பொறுக்க முடியவில்லை, இடது கையால் பழகிக்கொண்டேன். போன வருஷமும் நார்த்தாமலைக்குப் போயிருந்தேன். கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு சின்னப் பெண் தீச்சட்டி ஏந்திப் போனாள். மருமகள் என்னைத் தொட்டு, “அத்தை, என்ன வேணும்?” என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கையும் முன்னால் நீண்டு, அடியில் ஏந்திக்கொண்டிருந்தன.